உங்கள் சேகரத்துக்கு இன்டர்ன் வருகிறாரா? முதன்முறை வழிகாட்டும் ஆயர்களுக்கு

திருமண்டல (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின்) அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். இன்னார் ஜூன் மாதம் முதல் ஒரு வருடம் உங்கள் மேற்பார்வையில் பயிற்சி ஊழியராக இருப்பார் என்று நாலு வரி எழுதியிருக்கும். என்ன பயிற்சி, எப்படிக் கொடுப்பது என்பதெல்லாம் அதில் இருக்காது. அது உங்கள் தலையில்.

எனக்கு அந்தக் கடிதம் முதலில் வந்தபோது மனதில் ஓடியது ஒன்றுதான்: அப்பாடா, பைக் ஓட்டத் தெரிந்த ஆள் கிடைத்தாச்சு. என் சேகரத்தில், அதாவது ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளில், கிளைச் சபைகள் ஐந்து, ஞாயிறு காலையில் மூன்று ஆராதனை, நடுவில் வாலிபர் கூட்டம். அந்தத் தம்பியை வருடம் முழுக்க ஓடவிட்டேன். முகம் சுளிக்காமல் ஓடினார். கிளம்பும்போது படிவத்தில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என்ன கற்றுக்கொண்டார் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். வேலை வாங்கினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். லுத்தரன் சபையில் சில பெயர்கள் மாறும். கத்தோலிக்கத் திருச்சபையில் குருமாணவர்களுக்குப் படிப்பின் நடுவில் ஒரு களப்பணிக் காலமும், கடைசியில் திருத்தொண்டர் காலமும் உண்டு. அவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

1. வருகிறவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள்

எல்லா இன்டர்னும் ஒன்றல்ல. சிலரைப் படிப்புக்கு அனுப்புவதற்கு முன்பே, ஊழியத்துக்கு ஏற்றவர்தானா என்று பார்க்க ஒரு ஆயரிடம் விடுவார்கள். சிலர் படிப்பின் நடுவில் சனி, ஞாயிறு மட்டும் களப்பணிக்கு வருவார்கள். சிலர் படிப்பை முடித்துவிட்டு, உதவிகுருவாக அபிஷேகம் பெறக் காத்திருப்பவர்கள்.

கல்லூரி முடித்துவிட்டு இறையியலுக்குப் போகிறவருக்கு, செராம்பூர் செனட் (இறையியல் பட்டம் கொடுக்கும் அமைப்பு) நடத்தும் பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பு 4 வருடம். (செராம்பூருக்குப் பட்டம் கொடுக்கும் உரிமை 1827-ல் டென்மார்க் மன்னர் கொடுத்த சாசனத்திலிருந்து வந்தது. மிஷனரி சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிய தரங்கம்பாடியும் அன்றைக்கு டேனிஷ் ஊர்தான். நம் ஆயர்கள் படிப்பில் அந்தச் சின்ன நாட்டுக்கு இருக்கும் பங்கு நிறையப் பேருக்குத் தெரியாது.) இந்த 4 வருடத்தில் எபிரேயு, கிரேக்கு, சபை வரலாறு எல்லாம் பார்த்துவிட்டு வருவார். அதை நீங்கள் திரும்பச் சொல்லித்தர வேண்டாம். உங்களுக்கு மறந்ததெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். அதில் சங்கடப்படவும் ஒன்றுமில்லை.

படிப்புக்கு முன்னால் வருகிறவரிடம் வேலை குறைவாகவும் பேச்சு அதிகமாகவும் இருக்கட்டும். படித்து முடித்தவருக்கு நேர் எதிராக வையுங்கள்.

2. வருவதற்கு முன் ஒரு தாளும் ஒரு கமிட்டிக் கூட்டமும்

ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே தங்குவார், சாப்பாடு எப்படி, பெட்ரோல் காசு யார் கொடுப்பது, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, மாதம் எத்தனை பிரசங்கம். இதைச் சேகரக் கமிட்டியில் வாசித்து மினிட்ஸில் ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் செப்டம்பர் மாதம் யாராவது ஒருவர் எழுந்து, ‘தம்பிக்குப் பெட்ரோல் காசு யார் சாங்ஷன் பண்ணினது?’ என்று கேட்பார். அப்போது தம்பியும் அதே அறையில் உட்கார்ந்திருப்பார்.

சாப்பாட்டை முறை வைத்து வீடு வீடாகப் போட்டுக்கொடுப்பது நம் பக்கம் வழக்கம். நல்லதுதான், சபையை அதைவிட வேகமாக யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் முறைப் பட்டியலை வசதியான பத்து வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தன் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, ஏழை ஜனங்கள் நடுவே குடியிருந்து படிக்க அனுப்பிய கல்லூரி. அப்படிப் படித்துவிட்டு வரும் பிள்ளையை நாம் டாக்டர் வீட்டு டைனிங் டேபிளில் மட்டும் உட்காரவைத்தால் எப்படி?

இன்டர்ன் கல்யாணமானவர் என்றால் மனைவியையும் கூப்பிட்டுப் பேசுங்கள். தோர்ணக்கல்லில் பேராயர் அசரியா ஊழியத்துக்கு ஆட்களைப் பயிற்றுவித்தபோது அவர்கள் மனைவிமாரையும் சேர்த்தே படிக்கவைத்தார். வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர், அன்றைக்கே அதை யோசித்திருக்கிறார். நாமோ ‘ஐயரம்மா’ (ஆயரின் மனைவி) பெண்கள் ஐக்கியத்தைப் பார்த்துக்கொள்வார் என்று, அந்தப் பெண்ணைக் கேட்காமலே எழுதிவிடுகிறோம்.

3. முதல் மூன்று வாரம் பிரசங்கம் வேண்டாம்

வந்த முதல் ஞாயிறே மேடையில் ஏற்றச் சொல்லிச் சபையார் கேட்பார்கள். புது முகம், ஆசை இருக்கும். கொடுக்காதீர்கள். அறிமுகம் செய்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

இந்த மூன்று வாரமும் அவர் உங்கள் நிழலாக வரட்டும். வீட்டு ஜெபம், ஆஸ்பத்திரி, ஸ்கூல் கமிட்டி, காணிக்கை எண்ணும் மேசை, கல்லறைத் தோட்டத்து வேலித் தகராறு, எல்லாவற்றுக்கும். ராத்திரி ஒரு நோட்டில் அன்றைக்குப் புரியாமல் போனது எது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒரு தம்பி முதல் வாரம் எழுதியது: ‘வடக்குத் தெரு வீட்டில் ஐயா ஏன் காபி குடிக்கவில்லை?’ சர்க்கரை இருக்கிறது, அதனால் குடிக்கவில்லை. ஆனால் அவர் அதை ஏதோ சபைச் சண்டை என்று நினைத்திருக்கிறார். அந்த வீட்டாரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த முறை போனபோது சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இன்னொன்று. ‘தம்பிக்கு எந்த ஊர்?’ என்று நம் ஜனங்கள் கேட்பது பாதி நேரம் ஊரைக் கேட்பதல்ல. சாதியைக் கேட்பது. நமக்கும் தெரியும், இன்டர்னுக்கும் தெரியும். முதல் வாரமே உட்காரவைத்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். எந்தத் தெருவில் அவருக்கு டம்ளர் மாறலாம், எந்தப் பெரியவர் பேசாமல் போகலாம் என்று சொல்லுங்கள். அப்படி நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘கண்டுக்காதீங்க தம்பி’ என்று மட்டும் சொன்னால் அவர் உங்களிடம் பிறகு எதையும் சொல்லமாட்டார்.

4. செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.

வாரம் ஒரு மணி நேரம், ஒரே நாள், ஒரே இடம். திங்கள் ஓய்வு என்பதால் நான் செவ்வாய் காலை வைத்துக்கொண்டேன். போனை வெஸ்ட்ரி (ஆலயத்தில் ஆயருக்கான அறை) அலமாரியில் வைத்துவிட்டு உட்காருவோம். வரப்போகும் வேலையைப் பங்கு போடும் கூட்டமாக அதை ஆக்கிவிடாதீர்கள், அதற்கு ஐந்து நிமிட போன் போதும். இந்த ஒரு மணி நேரம் நடந்து முடிந்ததைப் பேச மட்டும். மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் ஊழியத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்து, தாங்கள் செய்ததையும் உபதேசித்ததையும் ஒன்றுவிடாமல் இயேசுவிடம் சொல்கிறார்கள். அனுப்பியவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

சும்மா ‘எப்படிப் போச்சு?’ என்றால் ‘நல்லா போச்சு ஐயா’ என்றுதான் பதில் வரும். அதற்கு ஒரு கருவி உண்டு, வெர்பாட்டிம் என்பார்கள். ஒரு சந்திப்பில் அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்பதை நினைவிலிருந்து அப்படியே நாடகம் போல எழுதுவது. ஆஸ்பத்திரி ஊழியப் பயிற்சியிலிருந்து வந்த வழக்கம் இது. 1925-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் இறையியல் மாணவர்களை மனநல மருத்துவமனைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவரே முன்பு அப்படியொரு மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். அங்கே தொடங்கிய பயிற்சி முறையை நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் கற்றுத்தருகிறார்கள். வாய்ப்பிருந்தால் இன்டர்னை அங்கே அனுப்புங்கள். இல்லையென்றால் ஒரு தாளும் பேனாவும் போதும்.

ஒரு தம்பி கொண்டுவந்த தாளில் இப்படி இருந்தது:

‘பாட்டி: நாளைக்குத்தான் ஆபரேஷன் ஐயா. மக வரலைன்னுட்டா.
நான்: பயப்படாதீங்க பாட்டி, கர்த்தர் டாக்டர் கையை நடத்துவார். சங்கீதம் வாசிக்கலாமா?
பாட்டி: வாசிங்க.’

சங்கீதம் 121 வாசித்து, ஜெபித்து, வந்துவிட்டார். நல்ல சந்திப்பு என்று கீழே ஒரு குறிப்பு வேறு. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: ‘மக எங்கே போனா?’ அவர் தாளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டி பேசியது மகளைப் பற்றி, இவர் பதில் சொன்னது ஆபரேஷனுக்கு. ‘வாசிங்க’ என்று பாட்டி சொன்னது விருப்பமாகவும் இருக்கலாம், சரி விடு என்ற அலுப்பாகவும் இருக்கலாம். மறுபடி அந்த வார்டுக்குப் போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். வேதத்தைத் திறக்கவே இல்லையாம்.

எழுதும்போது பெயர் போடக் கூடாது, பேசி முடித்ததும் தாளைக் கிழித்துவிட வேண்டும், போனில் டைப் செய்யக் கூடாது. மூன்றிலும் கறாராக இருங்கள்.

அப்புறம், மாதம் ஒருமுறை நீங்களும் ஒன்று எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் சொதப்பிய சந்திப்பு. எனக்கு முதலில் கை வரவில்லை. ஒரு வீட்டில் மாமியார் பக்கமாக நின்று பேசி மருமகளை அழவைத்துவிட்டு வந்ததை எழுதினேன். தம்பி வாசித்துவிட்டு, ‘இந்த இடத்தில் அக்கா ஏதோ சொல்ல வந்திருக்காங்க ஐயா, நீங்க நடுவில் பேசிட்டீங்க’ என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்த வாரத்துக்குப் பிறகு அவர் தாள்களில் பூசி மெழுகல் குறைந்தது.

5. படிப்படியாக இறக்கிவிடுவது: அடக்க ஆராதனை

ஒவ்வொரு பொறுப்பையும் முதலில் பார்க்கவிட்டு, பிறகு ஒரு பகுதியைக் கொடுத்து, கடைசியில் முழுதாகக் கொடுங்கள். ஆராதனையில் இது எளிது: திருமறைப் பாடம் வாசிப்பு, பரிந்துரை ஜெபம், பிறகு பிரசங்கம். கஷ்டமானதை விளக்கமாகச் சொல்கிறேன்.

ராத்திரி பத்தரைக்குப் போன் வரும். இன்னார் இறந்துவிட்டார், நாளை மூன்று மணிக்கு எடுக்கணும். இன்டர்ன் முதலில் கற்க வேண்டியது அந்தப் போனை எடுத்துப் பேசுவது. இறந்தவரின் முழுப் பெயர் சபைப் பதிவேட்டில் உள்ளபடி என்ன, வயது என்ன, யார் வரக் காத்திருக்கிறார்கள், குழி எந்த இடத்தில், டாக்டர் சீட்டு வாங்கியாச்சா. சங்கக் காணிக்கை (குடும்பங்கள் சபைக்குக் கட்டும் சந்தா) பாக்கியைப் பற்றி அப்போது பேசவே கூடாது. கமிட்டியில் யாராவது பேசினால் அதைத் தடுப்பது உங்கள் வேலை, இன்டர்னைத் தூது விடாதீர்கள்.

முதல் அடக்கத்தில் அவர் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். இரண்டாவதில் வீட்டு ஜெபம் அவருடையது. மூன்றாவதில் கல்லறையில் வாசிப்பு. நாலாவதில்தான் முழுதும்.

இந்த வரிசையை நான் ஒருமுறை தாண்டினேன். ஒரே நாளில் இரண்டு அடக்கம், ஒன்றை இரண்டு மாதம் மட்டுமே ஆன இன்டர்னிடம் விட்டேன். போனில் கேட்டதை நானே ஒரு சீட்டில் கிறுக்கிக் கொடுத்தேன். அதில் இறந்தவர் பெயர் மேலே, தகவல் சொன்ன மகன் பெயர் கீழே, இரண்டிலும் ‘செல்லத்துரை’ ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பி கல்லறை ஓரத்தில் நின்று மகன் பெயரைச் சொல்லி, மண்ணுக்கு மண்ணாக ஒப்புக்கொடுத்துவிட்டார். மகன் எதிரிலேயே நிற்கிறார். பின்வரிசையில் ஒரு பாட்டி ‘ஏசப்பா!’ என்று கத்தியதில்தான் நிறுத்தினாராம். அன்று சாயங்காலம் நான் அந்த வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். தம்பியையும் கூட்டிப்போனேன், ஆனால் அவரைப் பேசவிடவில்லை. இப்போதெல்லாம் சீட்டில் இறந்தவர் பெயரைத் தவிர வேறு பெயர் எழுதுவதில்லை.

6. பிரசங்கம்

வாசலில் கை கொடுக்கும்போது ‘பிரசங்கம் அருமை’ என்று எல்லாரும் சொல்வார்கள். அது பயிற்சிக்கு உதவாது. அன்றே நீங்கள் குறை சொல்வதும் உதவாது, மனிதர் வியர்த்துப்போய் நிற்பார். சபையில் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு டீச்சர், ஒரு பிளஸ் டூ பிள்ளை, பெரிதாகப் படிக்காத ஒரு அம்மா. திங்கள் இரவு அவர்களிடம் இன்டர்ன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘நேத்து நான் சொன்னதில் என்ன ஞாபகம் இருக்கு?’ பெரும்பாலும் அவர் சொன்ன கதை ஞாபகம் இருக்கும், அது எதற்குச் சொன்னது என்பது இருக்காது. மற்றதை அவரே திருத்திக்கொள்வார்.

7. தொடக் கூடாதவை

திருவிருந்தை அவர் நடத்த முடியாது, உங்களுக்கே தெரியும். கிளைச் சபைக்கு அவசரம் என்றாலும் வளைக்காதீர்கள். திருமணப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கக் கூடாது. ஆனால் ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிப்பதிலிருந்து பதிவேடு எழுதுவது வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பொதுவாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவில்தான் திருமணம் நடத்த வேண்டும் என்ற விதியே பல மாணவர்களுக்குப் புதிதாக இருக்கிறது.

பணம்: கணக்கு எல்லாவற்றையும் பார்க்கட்டும், சாவி எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். திருமண்டலத் தேர்தல் வருடமென்றால் எந்த அணிக் கூட்டத்துக்கும் போகக் கூடாது, நீங்களே கூப்பிட்டாலும். முக்கியமாக நீங்கள் கூப்பிட்டால்.

ஓய்வுநாள் பள்ளி, வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), விடுதி என்று பிள்ளைகளோடு வேலை இருக்கும். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். ‘முதலில் ஐயரிடம் சொல்லி, கமிட்டியில் வைத்து’ என்ற பாதை அதில் கிடையாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவர் போனில் சேமிக்கவையுங்கள், உங்கள் போனிலும்.

8. இன்டர்ன் பெண்ணாக இருந்தால்

மேலே சொன்ன எல்லாமே அப்படியே. சி.எஸ்.ஐ.யில் 1976 முதல் பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள், 2013-ல் ஒரு பெண் பேராயராகவும் ஆனார். ஆனாலும் சேகரத்துக்கு வந்ததும் ஓய்வுநாள் பள்ளியையும் பெண்கள் ஐக்கியத்தையும் கையில் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். அடக்கத்துக்கும், கமிட்டிக்கும், கணக்கு மேசைக்கும் அவரைக் கூட்டிப்போங்கள். தங்குமிடத்துக் கதவில் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று அவர் வருமுன் நீங்களே போய்ப் பாருங்கள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஜனங்கள் தடுமாறுவார்கள். ஒரு சபையில் ‘ஐயரம்மா’ என்றார்கள், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகவில்லை. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேட்டு, முதல் ஞாயிறே அறிவிப்பில் சொல்லிவிடுங்கள்.

9. நவம்பரில் ஒரு பேச்சு, ஏப்ரலில் ஒரு படிவம்

கேரல் பவனி தொடங்கிவிட்டால் டிசம்பரில் யாருக்கும் புத்தி நிற்காது. அதனால் பாதி வருடப் பேச்சை நவம்பரிலேயே முடியுங்கள். எது தேறியிருக்கிறது, எது தேறவில்லை என்று வாயால் சொல்லுங்கள். படிவத்தில் கடைசியில் எழுதப்போகும் எதுவும் அவருக்கு ஏப்ரலில் புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

இந்த வேலை இவருக்கு ஒத்துவராது என்று தெரிந்தால்? எனக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தது. நல்ல பிள்ளை, நல்ல குரல், ஆனால் ஜனங்களைக் கண்டாலே சலிப்பு. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று எழுதியனுப்புவது சுலபம். அப்படி எழுதினால் அடுத்த முப்பது வருடம் ஏதோ ஒரு சேகரம் அதைச் சுமக்கும், அவரும் சுமப்பார். ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வைக்காதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இந்தப் படிவத்தை நிரப்புகிறவர்களுக்கும்தான். தரங்கம்பாடியில் 1733-ல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியப் புராட்டஸ்டன்ட் சபையின் முதல் இந்தியக் குரு, அதற்கு முன் பல வருடம் உபதேசியாராக ஊர் ஊராகத் திரிந்தவர். காத்திருக்கச் சொல்வது அவமானமில்லை. நான் அந்தத் தம்பியிடம் நவம்பரிலேயே பேசினேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்து, தனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டார். அந்த வீட்டுக்கு இருவருமாகத்தான் போனோம்.

10. போன பிறகு

வழியனுப்பு ஆராதனை, சால்வை, பிரியாணி எல்லாம் கமிட்டி பார்த்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது, முதல் மூன்று வாரம் அவர் எழுதிய அந்த நோட்டை ஒருமுறை சேர்ந்து வாசிப்பது. அதில் அரைவாசிக் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்வார். மீதியில் சிலவற்றுக்கு உங்களிடமும் பதில் இருக்காது.

சில மாதத்தில் ஏதோ ஒரு ஊரிலிருந்து ராத்திரி பத்தரைக்குப் போன் வரும். ‘ஐயா, இங்கே தூக்குப் போட்டு இறந்த பையன், கல்லறையில் இடம் இல்லைங்கிறாங்க, என்ன செய்யட்டும்?’ உடனே தீர்ப்புச் சொல்லத் தோன்றும். முதலில் அம்மா எங்கே இருக்கிறார், அவரிடம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.